ஆள் வேண்டும் என்று அழுதவர்

"இத்தனை கோடித் தமிழர்களில் நிரல் எழுத நாலு பேர் கிடைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது" என்று அவர் மாதத்துக்கு ஒரு முறையாவது எங்கள் மின்னஞ்சல் குழுவில் எழுதிவிடுவார். வெளிநாட்டில் வேலை பார்த்த பொறியாளர் அவர். தமிழில் தட்டச்சு செய்யவும் பிழை திருத்தவும் சொற்களை அகர வரிசையில் அடுக்கவும் ஒரு மென்பொருளை எழுதி, அதன் மூல நிரலையும், அதாவது அதை ஆக்கிய கட்டளை வரிகளையும், சேர்த்து இணையத்தில் இலவசமாக வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தித் திருப்பிக் கொடுக்கலாம். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. மதுரையில் ஒரு டி.டி.பி. கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகையைப் பக்கத்துக் கடை கம்ப்யூட்டரில் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். கடைக்கு ஒரு எழுத்துரு. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக எழுத்துக்கு ஒரு எண் தரும் யூனிகோடு என்ற பேச்சே அப்போதுதான் காதில் விழ ஆரம்பித்திருந்தது. அந்த நேரத்தில் அப்படி ஒன்றைச் செய்து சும்மா கொடுத்தது பெரிய காரியம். அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன். என் கோபம் வேறு விஷயத்தில்.

நான் சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சி, சி பிளஸ் பிளஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சௌராஷ்டிரா பேசுவோம். அப்பா சுங்குடிச் சேலைக் கடையில் விற்பனை பார்த்தார். வீட்டு வாசலைத் தாண்டினால் எனக்கு எல்லாமே தமிழ்தான். படித்தது, பஸ்ஸில் சண்டை போட்டது, மனசுக்குள் திட்டியது எல்லாம். அந்த மென்பொருளின் உதவிப் பக்கங்களில் ஆங்கிலமாக இருந்ததைத் தமிழாக்கி அனுப்பியதில் என் வேலை தொடங்கியது. பிறகு அச்சடிக்கும்போது ஓரத்து எழுத்து வெட்டுப்படுகிற கோளாறைச் சரிசெய்து அனுப்பினேன். "பரவாயில்லை" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அதற்கே ஒரு வாரம் மிதந்தேன். பெயருக்குப் பதிலாக இரண்டு ஆங்கில எழுத்துகளைத்தான் கீழே போடுவேன். அவர் என்னை "நண்பரே" என்று அழைப்பார்.

அவர் ஆள் இல்லை, ஆள் இல்லை என்று எழுதியதைப் படித்துப் படித்து எனக்கு ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை. ஆள்தானே வேண்டும், நான் சேர்த்துக் கொண்டுவருகிறேன் என்று கிளம்பினேன். கூட வந்தவள் என் சிநேகிதி. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கம்ப்யூட்டர் டீச்சர். அவளுடைய அம்மாவும் அதே பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். என் சிநேகிதி எதற்கும் குரலை உயர்த்தமாட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கோபப்படும் பொறுப்பு எனக்குத்தான் இருந்தது.

முதலில் ஊருக்கு வெளியே பொட்டல்காட்டில் புதிதாக முளைத்திருந்த ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போனோம். துறைத் தலைவர் அறையில் காபி கொடுத்தார்கள்.

"பேச வார சார் எப்ப வருவாரு?" என்று அவர் கேட்டார்.

"நான்தான் சார் பேசப்போறேன்."

"ஓ. சரி, சரி. சர்டிபிகேட் எதுவும் குடுப்பீங்களா மேடம்?"

"இல்ல சார். இவங்க எழுதுற நிரல் உலகம் பூராம் ஓடும். அதான் சர்டிபிகேட்."

"அது சரி மேடம். ஆனா சர்டிபிகேட்டுன்னாத்தான் பசங்க உக்காருவாய்ங்க."

கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டலாம் என்று குறுந்தகடு கொண்டுபோயிருந்தோம். ஆய்வகத்தில் ஆயுதபூசைக்கு வைத்த சந்தனம்கூட அழியாமல், பிளாஸ்டிக் உறை போட்டு வரிசையாக இருந்தன கம்ப்யூட்டர்கள். அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷனாம், எதையும் தொடக்கூடாதாம். அதனால் வெறும் வாயால் பேசு என்றார்கள். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை எல்லாம் முடிந்து மைக் என் கைக்கு வந்தபோது பின்வரிசையில் ஒருவன், "மாப்ள, பெல் அடிக்கப்போவுதுடா" என்றது எனக்கே கேட்டது.

நான் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு மாணவன் எழுந்து, "இத கம்பெனில இன்டர்வியூவுல கேப்பாங்களா மேடம்?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. 

"நாலு வருசம் படிச்சுட்டு பைனல் இயர் ப்ராஜெக்ட்டக் கடைல வாங்கிக் குடுக்குறீங்கள்ல? ஒரு தடவையாச்சும் நாமளே ஒண்ணு எழுதிப் பாப்பம்னு தோணலையா? அம்மா அப்பா பேசுற பாஷைய உங்க மிஷின் கட்டம் கட்டமாக் காட்டுதே, அது உங்களுக்கு அசிங்கமாவே இல்லையா?"

துறைத் தலைவர் எழுந்து வந்து மைக்கை வாங்கி, நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டார். அந்தக் கல்லூரி என்னை மறுபடி கூப்பிடவே இல்லை. ஆனால் நாங்கள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது சில மாணவர்கள் வெயிலில் ஓடி வந்தார்கள். "மேடம், எங்க வரணும்?" என்று கேட்டார்கள். 

மற்ற கல்லூரிகளிலும் ஏறக்குறைய இதே கூத்துதான். ஒரு இடத்தில் என்னை வாசலில் உட்காரவைத்துவிட்டு மறந்துபோனார்கள். இன்னொரு இடத்தில் முதல்வர், "இலவசம்னா அதுல ஏதோ கோளாறு இருக்கும்" என்று எனக்கே விளக்கினார். இருந்தாலும் இங்கே ஒருவர், அங்கே இருவர் என்று ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்தது. பள்ளியின் தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் அறையைத் திறந்துவைத்தோம். என் சிநேகிதி ஆராதனை முடிந்து, சர்ச்சுக்குக் கட்டிய சேலையோடு நேராக வந்துவிடுவாள். டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒரு பையன் பஸ் பிடித்து வருவான். ஹாஸ்டல் பெண்கள் இருவர், வார்டனிடம் சர்ச்சுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வருவார்கள். பள்ளிக்கூடம் சர்ச் வளாகத்துக்குள் இருந்ததால் ஒரு விதத்தில் உண்மைதான். 

கீழக்குயில்குடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். இறுதியாண்டு. அப்பா மினிபஸ் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டாள். எல்லோரும் எளிதான வேலையைத் தேடியபோது அவள் அகர வரிசையை எடுத்துக்கொண்டாள். அந்த மென்பொருளில் சொற்களை அடுக்கச் சொன்னால், யூனிகோடு எண்ணின்படி அடுக்கும். அந்த எண் வரிசையில் 'ன' முன்னாலேயே வந்துவிடுகிறது. அதனால் 'மனம்' முதலில் வந்து, 'மயில்', 'மரம்' எல்லாம் அதற்குப் பின்னால் வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடத் தப்பு என்று சொல்லும். வருடக்கணக்காக அந்தக் குறை அப்படியே கிடந்தது. அவரே அதைச் 'செய்ய ஆளில்லை' என்று இணையதளத்தில் போட்டிருந்தார்.

அவள் பல ஞாயிறுகள் அதிலேயே கிடந்தாள். மெய், உயிர்மெய், ஆய்தம், கிரந்தம் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். கடைசியில் ஒரு முழு அகராதிச் சொற்பட்டியலையே உள்ளே கொடுத்து ஓட்டினாள். 'மயில்', 'மரம்', அதற்கு வெகுதூரம் தள்ளி 'மனம்'. கல்லுப்பட்டிப் பையன் மேசையைத் தட்டினான். அவள் மட்டும், "இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துருவம் மேடம்" என்றாள்.

மின்னஞ்சலை அவளே எழுதட்டும் என்று விட்டேன். பெரியவர்களுக்கு எழுதுவது ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு எண்ணம். "மதிப்பிற்குரிய ஐயா" என்று விடுப்பு விண்ணப்பம் மாதிரித் தொடங்கி, என் இரண்டெழுத்தைக் குறிப்பிட்டு, தெரிந்த ஆங்கிலத்தில் செய்ததை விளக்கி, நிரலை இணைத்து அனுப்பினாள்.

அவர் பதிலைக் குழுவில் இருந்த எல்லோருக்கும் அனுப்பினார். இது கல்லூரி அசைன்மென்ட் கொடுக்கும் இடமில்லை. ஒரு வாக்கியம் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொண்டு வா. நிரலில் வரிகளை உள்ளே தள்ளி எழுதும் ஒழுங்குகூட உனக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களை அனுப்பி என் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று மதுரை நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவுதான். வரிசை சரியாக வருகிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. குழுவில் ஒருவர் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டிருந்தார். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. 

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சிநேகிதியின் மொபெட்டில் இரண்டு பேரும் கீழக்குயில்குடிக்குப் போனோம். மலையடிவாரக் குளத்தைத் தாண்டி அவர்கள் வீடு. அவளுடைய அம்மா எங்களை உட்காரச் சொல்லி, ஆள் அனுப்பிக் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார். நாங்கள் கல்லூரியிலிருந்து வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, "நல்லாத்தான படிக்கிறா?" என்று பயந்து கேட்டார்.

"ரொம்ப நல்லாப் படிக்கிறாம்மா" என்றாள் சிநேகிதி.

நான் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டேன். "அந்தாளு கெடக்குறாரு. நீ வா. நாம இன்னொரு தடவை அனுப்புவோம்."

"வேண்டாம் மேடம்."

"அவரு சொன்னதுல ஒண்ணுகூட நெசமில்லம்மா."

"அதுக்கில்ல மேடம். அந்த மெயிலு அழியவே அழியாதாம்ல? பிரவுசிங் சென்டர்ல என் பேரப் போட்டுத் தேடிப் பாத்தேன். அது ஒண்ணுதான் வருது. நாளைக்கு வேலைக்கு எழுதிப்போட்டா எவனாச்சும் தேட மாட்டானா? எனக்கு ஒரு வாக்கியம் எழுதத் தெரியாதுன்னுதான அவன் முதல்ல படிப்பான்?"

திரும்பும் வழியெல்லாம் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வந்தேன். அன்றைக்கே அவருக்கு எழுதினேன்: குழுவின் பழைய அஞ்சல்களிலிருந்து அதை மட்டும் எடுத்துவிடுங்கள், அவள் மாணவி, வேலை தேடப்போகிறவள். உடனே பதில் வந்தது. பழைய அஞ்சல்களைத் திருத்துவது வெளிப்படைத்தன்மைக்கு எதிரானதாம். அதே வாரம் குழுவுக்கு இன்னொரு அஞ்சலும் போட்டார். தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு மொழிமேல் அக்கறையே இல்லையாம். எத்தனை அழைத்தாலும் ஒருவரும் வருவதில்லையாம்.

வந்தவளைச் செருப்பால் அடிக்காத குறையாக விரட்டிய கை, அந்த அஞ்சலின் ஈரம் காய்வதற்குள் அடுத்த ஒப்பாரியை எழுதியிருந்தது.

சில மாதம் கழித்து அவர் விடுமுறைக்கு ஊருக்கு வந்தார். அழகர்கோவிலில் ஏதோ குடும்ப வேண்டுதல். மதுரையில் இரண்டு நாள் இருப்பேன், நண்பரைச் சந்திக்க ஆவல் என்று எழுதினார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்குச் சிநேகிதியோடு போனேன். கீழே சாப்பாட்டுக்கூடத்தில் காத்திருந்தார். மெலிந்த, சவரம் செய்த முகம். எங்களைத் தாண்டி வாசலையே பார்த்தார்.

"அவர் வரலீங்களா?"

"அவர் நான்தான் சார்."

"லேடின்னு நான் நினைக்கவே இல்லை. உட்காருங்க, உட்காருங்க." காபி சொன்னார். என்ன வேலை, எந்தத் தெரு என்று விசாரித்தார். தெருவின் பெயரைக் கேட்டதும், "வீட்ல தமிழா?" என்றார்.

"சௌராஷ்டிரா."

"அப்படியா! தமிழுக்காக நீங்க இவ்வளவு செய்யறது ரொம்பப் பெரிய விஷயம்."

வீட்டுக்கு வந்த விருந்தாளி பாத்திரம் கழுவினால் பாராட்டுவார்களே, அந்தக் குரல். எங்கள் ஆட்கள் இந்த ஊரில் குடியேறி எத்தனை தலைமுறை என்று எங்கள் வீட்டில் யாருக்கும் எண்ணத் தெரியாது. விழுங்கிக்கொண்டேன். நான் போனது வேறு வழக்குக்காக.

"சார், கீழக்குயில்குடிப் பொண்ணு எழுதுன அகர வரிசையப் பத்திப் பேசணும்."

"எந்தப் பொண்ணு?"

நான் சிநேகிதியைப் பார்த்தேன். அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அவருக்கு நினைவு வரவே நேரமானது. 

"ஓ, அதுவா. அந்த நிரல் சரியாத்தான் இருந்துச்சு. லாஜிக் நல்லா பண்ணியிருந்தாங்க. எழுதற ஒழுங்குதான் இல்ல."

"நல்லாருந்துச்சா?" என்றேன். என் குரல் அடுத்த மேசைக்குக் கேட்டிருக்கும். "நல்லாருந்துச்சுன்னு ஒரு வார்த்தை நீங்க எழுதலையே சார்."

"தப்பை மட்டும் சொன்னாப் போதும். சரியா இருக்கறதைச் சொல்லி எதுக்கு நேரத்தை வீணாக்கணும்? என்கிட்டயும் அப்படித்தான் என் ப்ரொபசர் நடந்துக்கிட்டார். தாங்கினவங்க நிப்பாங்க."

"அவ நிக்கல சார். போயிட்டா."

"தரமான ஆள்னா திரும்ப வருவாங்க."

"சார், வாரவங்களப் பூராம் வாசல்லயே வச்சு வெரட்டி விட்டுர்றீங்க. அப்புறம் உள்ள உக்காந்துக்கிட்டு ஒருத்தனும் வரலையேன்னு அழுகுறீங்க. உங்களுக்கு ஆளு வேண்டாம் சார். அழுகுறதுக்கு ஒரு காரணந்தான் வேணும். இம்புட்டு நாளா அத நம்பி வெயில்ல காலேஜ் காலேஜா அலைஞ்சேன் பாருங்க, என்னச் சொல்லணும்."

பரிமாறுகிறவர் காபியை வைத்துவிட்டு நகராமல் நின்றார். பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க ரொம்ப உணர்ச்சிவசப்படறீங்க" என்றார்.

"அவ அப்படித்தான் சார்," என்றாள் சிநேகிதி, அதே மெதுவான குரலில். "ஆனா அவ சொன்னதுல எது தப்புன்னு நீங்க சொல்லலையே."

காபி அப்படியே இருக்க எழுந்து வந்துவிட்டோம்.

திறந்த மூல நிரலில் ஒரு வசதி உண்டு. யாரோடு ஒத்துப்போகவில்லையோ அவரை விட்டுவிட்டு, நிரலை மட்டும் எடுத்துக்கொண்டு தனிக் கிளையாகப் பிரிந்துபோகலாம். சட்டப்படி யாரும் தடுக்க முடியாது. அடுத்த ஞாயிறே பிரிந்தோம். நிரலை எழுதியதைவிட அதிக நேரம், புதிதாக வருகிறவரை எப்படி உட்காரவைப்பது என்று பேசினோம். முதல் அஞ்சலுக்குக் கட்டாயம் பதில் போட வேண்டும், எழுதியவர் எந்த மொழியில் எழுதினாரோ அந்த மொழியில். அதில் எது சரியாக இருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். வரி ஒழுங்கு, இடைவெளி மாதிரிச் சில்லறைக் குறைகளை, நிரலை வாங்கிச் சேர்க்கிறவரே சரிசெய்துகொண்டு, எப்படிச் செய்தேன் என்று காட்ட வேண்டும். சின்னச் சின்ன வேலைகளைப் பெரியவர்கள் தொடாமல் புதியவர்களுக்கு என்று விட்டுவைக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று சிநேகிதி எளிய தமிழில் ஒரு கையேடு எழுதினாள். பிரவுசிங் சென்டரில் இறக்கினால் பாதியில் நின்றுபோகும் என்பதால் குறுந்தகட்டில் போட்டுக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம்.

ஆள் வந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் அது அவ்வளவு சுலபமாக இருந்தது. திருமங்கலத்தில் ஒரு வங்கி ஊழியர், சிவகாசியில் அச்சகம் வைத்திருந்தவரின் மகள், யாழ்ப்பாணத்திலிருந்து முகம் தெரியாத ஒருவர். ஒருவரைப் பார்த்து ஒருவர் வந்தார்கள். எல்லாம் தேனாக ஓடியது என்று சொல்லமாட்டேன். கல்லுப்பட்டிப் பையன் ஒரு தடவை புதிதாக வந்தவருக்கு, "இதுகூடத் தெரியாமல் ஏன் வருகிறீர்கள்" என்று எழுதிவிட்டான். அவன் வீட்டுக்கே போன் போட்டு நான் கத்திய கத்தலில் அவனுடைய அப்பா பயந்து, "என்ன தம்பி பண்ணுன?" என்று பக்கத்திலிருந்து கேட்டது எனக்குக் கேட்டது. அவன் மன்னிப்புக் கேட்டு எழுதினான். அதற்குப் பிறகு அவன்தான் எல்லோரையும்விடப் பொறுமையாகப் பதில் போடுவான்.

அகர வரிசையை அப்படியே எங்கள் கிளையில் சேர்த்தோம். பெயர் போடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "என் பேரு வேண்டாம் மேடம், வேற யாரு பேரு வேணா போட்டுக்கங்க" என்றாள். வேறு யார் பெயரைப் போடுவது? அந்த இடத்தைக் காலியாக விட்டேன். அவளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துப் போனாள். மற்றவர்கள் எழுதிய நிரலைச் சோதித்துக் குறை சொல்லும் வேலை. நிரல் எழுதுவதை விட்டுவிட்டாள்.

சில வருடங்களில் அவருடைய கிளை அப்படியே நின்றுவிட்டது. ஆனால் பெயர் தெரிந்தது அதுதான். ஜனங்கள் தேடினால் முதலில் வருவதும் அதுதான். இரண்டிலும் கோப்புகள் வேறு வேறு விதமாகத் திறந்து, பயன்படுத்துகிறவர்கள் குழம்பினார்கள். அப்போது அவரிடமிருந்து அஞ்சல் வந்தது. இரண்டு கிளைகளும் ஒன்றாக வேண்டும், பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றார். 

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடினோம். நான் முடியாது என்றேன். அந்தப் பெண்ணுக்குச் செய்ததை எடுத்துச் சொன்னேன். பாதிப் பேருக்கு அவள் யார் என்றே தெரியவில்லை. 

"அக்கா, ரெண்டு இருக்கதால டி.டி.பி. கடைக்காரங்க ரெண்டையுமே வேண்டாங்குறாங்க" என்றான் கல்லுப்பட்டிப் பையன். 

கை தூக்கச் சொன்னபோது, சேரலாம் என்று எல்லோரும் தூக்கினார்கள். என் சிநேகிதியும் தூக்கினாள்.

இரண்டு நிபந்தனைகள் மட்டும் நான் வைத்தேன். புதிதாக வருகிறவர்களுக்குப் பதில் போடுவது எங்கள் ஆட்கள், அவர் குறுக்கே வரக்கூடாது. அந்தப் பழைய அஞ்சலை நீக்க வேண்டும். எதிர்ப்பார் என்று சண்டைக்குத் தயாராக இருந்தேன். அன்றே பதில் வந்தது. அஞ்சலை நீக்கிவிட்டேன் என்றார். புதியவர்களோடு பேசுவது பற்றி, "மகிழ்ச்சி. அந்த வேலை எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை, வேறு யாரும் செய்யாததால் செய்தேன்" என்று எழுதியிருந்தார்.

அதைப் படித்தபிறகுதான் எனக்கு உச்சக் கோபம் வந்தது. பிடிக்கவில்லை என்று முதலிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் நாங்கள் வாங்கிக்கொண்டிருக்க மாட்டோமா? அதற்குள் கீழக்குயில்குடிப் பெண்ணுக்குக் கல்யாணமாகி, கணவன் பெயரின் முதல் எழுத்து அவள் பெயருக்கு முன்னால் வந்துவிட்டது. அந்த அஞ்சல் இருந்தாலும் போனாலும் அவளை யாரும் அதில் தேடப்போவதில்லை.

இணையதளத்தின் கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. அடுத்த ஞாயிறு, இரண்டு கிளைகளையும் இணைக்கும் வேலைக்கு அது வேண்டியிருந்தது. நான் கைகட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என் பக்கத்தில் வரவில்லை. சிநேகிதி மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ சொல்றது எல்லாமே சரிதான்டி," என்றாள். "கோபப்பட வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன். நீ ஆயுசுக்கும் கோபப்படு. இப்ப பாஸ்வேர்டக் குடு."

கொடுத்தேன்.